ஏழு மணிக்கு எல்லோரும் பக்கத்து வீட்டில்

எனக்கு மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் உண்டு என்று சொல்கிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். முப்பத்தாறு வருஷம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஒரு நிமிஷத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. என் விசில் இல்லாமல் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை. ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது சென்னை மாநகரமே அரை நாள் அசையாமல் நின்றது. அப்போது நின்றுகொண்டிருந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

பெயர் தணிகாசலம். வயது எழுபத்தொன்று. வண்டிகளெல்லாம் தம்மைத் தாமே ஓட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டதும் முதலில் டிரைவரை அனுப்பினார்கள், பிறகு கண்டக்டரை அனுப்பினார்கள், கடைசியில் எனக்கும் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம் என்று அங்கே குடியிருந்த எங்களை வாரி எடுத்து, நகரத்துக்குத் தெற்கே முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி, அல்லிக்குட்டையில் இறக்கினார்கள். அறுபது பிளாக், பன்னிரண்டாயிரம் வீடு. வாசலில் ‘பேருந்து நிறுத்தம்’ என்று ஒரு பலகை. அதன் கீழே நின்றால் நாய் வரும், மழை வரும், தேர்தல் வந்தால் வேட்பாளர்கூட வருவார். பேருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் அதற்கு இஷ்டமிருந்தால்.

எனக்கென்ன வந்தது? ஓய்வு பெற்றவன் மகாராஜா. ஆசை என்று ஒன்றும் கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் வாசல் கேட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்குவேன், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் என் வீட்டுக்காரி ரேணுகாதேவி வாயால் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

கஷ்டப்பட்டவள் எதிர்வீட்டு ரெஜினா. நகரத்துக்குள்ளே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ரெண்டு ஷேர் ஆட்டோ, ஒரு பேருந்து, போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம். அல்லிக்குட்டையில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அவள் மகள் ஸ்டெஃபியை அயனாவரத்தில் சித்தி வீட்டில் விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பாள். “நல்ல ஸ்கூலு நைனா, அங்க இருந்தாத்தான் படிப்பா” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் தினமும் சாயங்காலம் ஏழரைக்கு என் கதவைத் தட்டி, “ஒண்ணு மிஞ்சிப்போச்சு நைனா” என்று ஒரு முட்டை தோசையை நீட்டுவாள். சின்ன தோசை. பதினொரு வயசுப் பெண் சாப்பிடுகிற அளவு. ரெண்டு வருஷத்தில் நான் நாற்பது கிலோ ஏறினேன்.

இப்படி இருக்கும்போதுதான் துலா வந்தது.

நகரத்தின் பயணப் பங்கீட்டு வாரியம் அந்தப் பெயரில் ஒரு புது இயந்திரம் வைத்தது. எங்கே ட்ராம் விடுவது, எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்யும். எங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை ஒட்டிவிட்டுப் போனார்கள். நாற்பது நாள், தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அது பேசும். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! தேனில் ஊறவைத்துப் பன்னீரில் அலசிய குரல். “வணக்கம். இன்னைக்கு நீங்க எங்கயாவது போகணும்னு நெனச்சு, போக முடியாம விட்டுட்டீங்களா?” என்று கேட்கும். நாற்பது நாள் முடிந்ததும் எந்தப் பக்கத்துக் குரல் அதிகமோ அந்தப் பக்கம் ட்ராம் பாதை. பாக்கி இருந்தது ஒரே ஒரு பாதை. போட்டியில் இருந்த இடம் ரெண்டு. ஒன்று நாங்கள், இன்னொன்று ஏரிமுகம் டவுன்ஷிப். அங்கே ஏற்கெனவே ரெண்டு பாதை ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு, எங்கள் மாடியில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் வாரியத்தின் பை, செருப்பில் நூறு ஊர் மண். பெயர் மிதுனா. பெட்டிகளின் பொறுப்பு அவளுடையது.

“சார், இந்தப் பெட்டியெல்லாம் வேலை செய்யுதா?” என்று என்னிடம் கேட்டாள்.

“தினம் பேசுதே. என் சம்சாரத்தவிட மரியாதையா பேசுது.”

“அப்புறம் ஏன் சார் இப்படி?” என்று கையிலிருந்த திரைப் பலகையைக் காட்டினாள். ஏரிமுகம், தொண்ணூறாயிரத்துச் சொச்சம். அல்லிக்குட்டை, மூன்று.

“மூணு ஆயிரமா மேடம்?”

“மூணு.”

நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். “அந்த மூணு பேரு யாரு?”

“பேர் சொல்லக்கூடாது. மூணும் ஒரே ஆள். மூணு தடவையும் மதுக்கடைக்குப் போகணும்னு கேட்டிருக்கார்.”

நாலாவது பிளாக் ஏகாம்பரம். சந்தேகமே இல்லை. பன்னிரண்டாயிரம் வீட்டில் உண்மை பேசியவன் அவன் ஒருத்தன்தான்.

“ஏரிமுகத்துல என்ன கேட்டாங்களாம்?”

“என்னென்னவோ சார். ஒருத்தர் தன் பூனையை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு கேட்டிருக்கார். எல்லாம் போகாத பயணம்தான். துலாவுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

“அது என்ன மேடம் போகாத பயணத்த எண்றது? போற ஆள எண்ணலாமே. நாங்க அப்படித்தான் எண்ணுவோம், தலைய.”

“அதுதான் சார் பழைய இயந்திரம் பண்ணின தப்பு. ஏறுற ஆளை எண்ணும். வண்டி இருக்கிற இடத்துலதான ஏறுவாங்க? ஏறுற இடத்துக்கே மறுபடியும் வண்டி விடும். முப்பது வருஷம் அப்படியே போச்சு. வண்டியே இல்லாத ஊர்ல ஏறுறவங்க சைபர், அதனால தேவையும் சைபர்னு எழுதிச்சு. அத மாத்தணும்னு நாங்க பதினோரு வருஷம் சண்டை போட்டோம். போனவங்கள எண்ணாத, போகாம உக்காந்திருக்கிறவங்கள கேளுன்னு.” அவள் குரல் இறங்கியது. “இப்ப கேட்டாச்சு. எங்க தலைவர் சொல்றார்: கேட்டோம், அவங்க வேணாம்னுட்டாங்க, இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்னு.”

அந்த நேரம் ரெஜினா வேலையிலிருந்து வந்து சேர்ந்தாள். மிதுனாவைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கூடவே நானும் நுழைந்தேன். நுழைவதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஏழு அடித்தது. சுவரிலிருந்து தேன் வழிந்தது.

“வணக்கம் ரெஜினா. இன்னைக்கு நீங்க எங்கயாவது போகணும்னு நெனச்சு, போக முடியாம விட்டுட்டீங்களா?”

கட்டிலில் ஸ்டெஃபியின் பழைய யூனிஃபார்ம் மடித்து வைத்திருந்தது. அடுப்பில் தோசைக்கல். ரெஜினா சிரித்த முகத்தோடு சொன்னாள்: “ஒண்ணியும் இல்ல தங்கம். நல்லாத்தான் கீறோம். நீ சொகமா கீறியா?”

“நான் நலம். நன்றி,” என்றது பெட்டி.

மிதுனா என்னைப் பார்த்தாள். நான் மிதுனாவைப் பார்த்தேன். ரெஜினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “மேடம், சாப்ட்டீங்களா?” என்றாள்.

“ஆச்சுங்க, இப்பதான்.”

அப்போது மிதுனாவின் வயிறு பேசியது. சாதாரணமாகப் பேசவில்லை. காலி பஸ் முதல் கியரில் மேம்பாலம் ஏறுகிற மாதிரி ஆரம்பித்து, நடுவில் கியர் மாறி, உச்சியில் போய் நின்றது. மூன்று மாடி கீழே ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. இல்லை என்று நிரூபியுங்கள் பார்ப்போம்.

“மேடம்,” என்றேன், “எப்ப சாப்ட்டீங்க?”

அவள் முகம் சிவந்தது. “காலைல. ஒரு பன்.”

“அப்ப ஏன் ஆச்சுன்னீங்க?”

“அது... கேட்டா அப்படித்தான சொல்லுவாங்க? புது வீட்டுக்கு வந்துட்டு ‘ஆமா, பசிக்குது, போடுங்க’ன்னா சொல்ல முடியும்?”

சொல்லிவிட்டு அவள் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். வாய் மூடவில்லை. பதினோரு வருஷம் சண்டை போட்டு அவள் எழுதிவைத்த கேள்வி, சுவரில் பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்தது.

“அய்யய்யோ,” என்றாள்.

“அதான் மேடம். உங்க மிஷின் பன்னெண்டாயிரம் வீட்டாண்ட வந்து தெனம் ‘சாப்ட்டீங்களா’ன்னு கேக்குது. நாங்க தெனம் ‘ஆச்சு’ன்னு சொல்லிக்கினு கீறோம். ஏரிமுகத்துல கேட்டா மெனு கார்ட நீட்டுறாங்க. கேள்வி ஒண்ணுதான். பதில் சொல்ற நாக்கு வேற.”

இதற்குள் ரெஜினா ஒரு தட்டில் ரெண்டு தோசையை வைத்து மிதுனா மடியில் வைத்துவிட்டாள். மிதுனா மறுபேச்சில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் மூளையில் ஒரு வண்டி கிளம்பியது.

“ரெஜினா, மேடத்துக்குப் பசிக்குதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?”

“மூஞ்சியப் பாத்தா தெரியாதா நைனா?”

“மேடம்! ஏழு மணிக்கு வீட்ல ஆள் இல்லன்னா உங்க பெட்டி இன்னா பண்ணும்?”

மிதுனா வாயில் தோசையோடு சொன்னாள்: “அதுக்கு ஒரு விதி இருக்கு. ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்காக வச்சது. வீட்டுக்காரங்க இல்லாதப்ப, அக்கம்பக்கத்துக்காரங்க உள்ள வந்து அவங்களப் பத்திச் சொல்லலாம். குரல வச்சு யாருன்னு கண்டுபிடிச்சுக்கும். ஒரே விஷயத்த ரெண்டு வீட்டுக்காரங்களாவது சொல்லணும், அப்பதான் ஏத்துக்கும்.”

ரெண்டு வீட்டுக்காரர்களா! அல்லிக்குட்டையில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டிக்கெட் போட்டுக் காட்டலாம்.

மறுநாள், முப்பத்தொன்பதாம் நாள், பகல் முழுக்க அறுபது பிளாக்கும் ஏறி இறங்கினேன். மொத்தம் ஒரு லட்சம் படி. முதலில் யாரும் மசியவில்லை. “போய்க் கேக்கறதா? நமக்கு இன்னா கொறச்சல்?” என்று பதினேழாவது பிளாக் பவானியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உன்னப் பத்தி நீ ஒரு வார்த்த சொல்ல வேணாம்மா,” என்றேன். “பக்கத்து வீட்டுக்காரியப் பத்திச் சொன்னாப் போதும்.”

அவள் மெதுவாகத் திரும்பினாள். “இன்னா வேணாலும் சொல்லலாமா?”

“எங்க போகாம இருக்கான்னு மட்டும்.”

“கவர்மெண்டு மிஷினாண்டயா? அது எழுதிக்குமா?”

“ஒரு எழுத்து விடாம.”

அவள் கண்ணில் எழுந்த வெளிச்சத்தில் அன்று ஆறு பிளாக்குக்கு மின்சாரம் மிச்சம்.

சாயங்காலம் ஆறு ஐம்பத்தைந்துக்கு நடு மைதானத்தில் நாற்காலி போட்டு ஏறி நின்றேன். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தேன். எப்படியோ அது பையில் இருந்தது. முதல் விசிலுக்கு எல்லோரும் அவரவர் வீட்டைவிட்டு வெளியே. ரெண்டாவது விசிலுக்கு எல்லோரும் வலது பக்கத்து வீட்டுக்குள்ளே. பத்து நிமிஷம் கழித்து மூன்றாவது விசிலுக்கு அதற்கடுத்த வீடு. பன்னிரண்டாயிரம் குடும்பம், ஒரு மோதல் இல்லை, ஒரு தாமதம் இல்லை. ஏழு மணிக்கு அல்லிக்குட்டையில் ஒரு மனிதன்கூடத் தன் வீட்டில் இல்லை. எல்லோரும் பக்கத்து வீட்டில்.

அப்புறம் வந்தது பாருங்கள் சத்தம்! முப்பத்தெட்டு நாளாக மூடிக்கிடந்த ஊர் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தது.

“இந்த வீட்டுக்காரிக்கு வாய் நீளம், ஆனா பாவம், மூணு வருஷமா பல்லு வலி. பல்லாஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிடும்னு கிராம்ப மென்னுக்கினு கீறா.” இது பவானியம்மா. யாரோடு ரெண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையோ அவளைப் பற்றி. நண்பர்கள் சொன்னதைவிட விரோதிகள் சொன்னதுதான் துல்லியமாக இருந்தது. விரோதியை நாம் அவ்வளவு கவனித்துப் பார்க்கிறோம்.

ஏகாம்பரம் வீட்டில் நாலு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். “அவன் கடைக்குப் போகணும்னு சொன்னத நம்பாத. குடிய நிறுத்துற கிளினிக்குக்குப் போகத்தான் ஆறு தபா கெளம்பினான். கடை கேட்டாண்டயே கீது. கிளினிக் மூணு பஸ் தள்ளி கீது. இன்னா பண்ணுவான்?”

நான் வலது பக்கம் போக வேண்டியவன். விசில் என் கையில்தானே, எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். கதவைச் சாத்தாமல் பெட்டியின் முன்னே நின்றேன்.

“நான் தணிகாசலம். எதிர்வீடு. இந்த ரெஜினா தெனம் சாயங்காலம் அயனாவரம் போகணும்னு நெனைக்குது. பொண்ணு அங்க கீது. போனா திரும்பி வர ராத்திரி ஆயிடும், காலைல டூட்டி, அதனால போகல. ரெண்டு வருஷமா போகல. எழுதிக்க: அறுநூறு சாயங்காலம்.”

பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்த ரெஜினா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“நைனா! பெத்த பொண்ணக் கூட வச்சுக்கத் துப்பில்லன்னு மிஷினாண்ட சொல்றியா?”

“நான் எங்கம்மா அப்டி சொன்னேன்?”

“நான் சிரிச்சிக்கினுதானே கீறேன்? உன்னாண்ட என்னிக்காவது அழுதேனா?”

“அழல. தோச குடுத்த.”

அவள் முந்தானை நுனியை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

“ரெண்டு வருஷமா தெனம் ஒண்ணு மிஞ்சுதும்மா. இத்தினி நாளு அளவு தெரியாமயா சுட்டுக்கினு இருந்த?”

ரெஜினா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். நான் இங்கே மிகைப்படுத்த ஒன்றுமில்லை. அவள் தோள் குலுங்கியது, அவ்வளவுதான். பிறகு சட்டென்று திரும்பினாள்.

“என் மானத்த வாங்கிட்ட இல்ல? இரு. உன்ன இன்னா பண்றேன் பாரு.”

நேரே எதிரே போய், என் வீட்டுக்குள் நுழைந்து, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், அப்படியும் கேட்கவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? எனக்குத்தான் ஆசையே கிடையாதே. ஆனால் அன்றும் மறுநாளும் என் வீட்டு வாசலில் மட்டும் அப்படி ஒரு வரிசை. ரேணுகாதேவி சாட்சிகளுக்காகப் போட்டு வைத்திருந்த பக்கோடாவின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கணக்கு முடிந்தது. ஏரிமுகம் தொண்ணூற்றோராயிரத்து நானூற்று ஆறு. அல்லிக்குட்டை ரெண்டு லட்சத்து எட்டாயிரம். கணக்கைப் பார்த்த வாரியத் தலைவர் தொலைபேசியில் குதித்தாராம். “இதெல்லாம் ஊர் வம்பும்மா! வம்ப வச்சு ட்ராம் விடறதா?”

“ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வீட்டு சாட்சி இருக்கு சார்,” என்றாளாம் மிதுனா. “ஏரிமுகத்துப் பூனைக்கு ஒரு சாட்சிதான்.”

வாரியம் ரெண்டு வாரம் யோசித்தது. கடைசியில் தன் விதியைத் தானே மீற முடியாமல் கையெழுத்துப் போட்டது. அதோடு கேள்வியையும் மாற்றியது. இப்போது நகரம் முழுக்கப் பெட்டிகள் “உங்க பக்கத்து வீட்டுக்காரங்க எங்க போக முடியாம இருக்காங்க?” என்றுதான் கேட்கின்றன. ஏரிமுகத்தில் மட்டும் ஒரு சிக்கல் என்று கேள்விப்பட்டேன். அங்கே பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். பெட்டிக்குப் பதில் சொல்வதற்காகவே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் காபி குடிக்கப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். பூனைக்கும் இப்போது மனசு தேவலையாம்.

பாதை போட்டு முடிக்கப் பதினோரு மாசம். பாய் விரிப்பது போல இயந்திரங்கள் விரித்துக்கொண்டே வந்தன. வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரத்திலிருந்து முதல் ட்ராம் உள்ளே வந்தபோது வெடித்த பட்டாசில் வானத்தில் ரெண்டு நட்சத்திரம் உதிர்ந்தது. கதவு திறந்தது. புத்தகப் பை, தலையணை, ஒரு பிளாஸ்டிக் வாளி, இவற்றுக்கு நடுவில் ஸ்டெஃபி இறங்கினாள். ரெஜினா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ட்ராமில் ஸ்டெஃபியின் பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தெட்டு நிமிஷம். இனிமேல் அவள் தினமும் வீட்டிலிருந்தே போய் வருவாள். அன்று ராத்திரி என் கதவை யாரும் தட்டவில்லை. தோசை மிஞ்சவில்லை. நான் மெலிய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் வண்டி. ஐந்து பத்துக்குக் கிளம்ப வேண்டும். நான் வழக்கம்போலக் காற்று வாங்கப் போனேன். ரேணுகாதேவியும் கூட வந்தாள். நடைமேடையில் மிதுனா நின்றுகொண்டிருந்தாள்.

“சாப்ட்டீங்களாம்மா?” என்று கேட்டாள் ரேணுகா.

“இல்லம்மா. செம பசி. ஏதாவது இருக்கா?”

ரேணுகாதேவி அதிர்ந்துபோய் ரெண்டடி பின்வாங்கினாள். பிறகு பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்தாள்.

ட்ராமில் கூட்டம் நிறைந்தது. பல்வலிக்காரி ஏறினாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு பவானியம்மாவும் ஏறினாள். ஏகாம்பரம் குளித்துத் திருநீறு வைத்துக்கொண்டு ஏறினான். ரெஜினா வாசலோரம் நின்றுகொண்டாள். ஐந்து பத்து. கதவு சாத்திக்கொண்டது. வண்டி நகரவில்லை.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து பத்து, பதினைந்து வினாடி. டிரைவர் இல்லாத வண்டி, யாரைத் திட்டுவது? “இன்னாடா இது, மொத நாளே மக்கரா?” என்று உள்ளேயிருந்து குரல்கள். முன்கண்ணாடிக்கு மேலே, வண்டி எங்கே போகிறது என்று காட்டுகிற பலகையில் எழுத்து ஓடியது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தேன்.

‘அல்லிக்குட்டை. நேரக்காப்பாளர் விசிலுக்குக் காத்திருக்கிறது.’

“மேடம்,” என்றேன், “உங்க வண்டி இன்னாமோ ஒளறுது.”

மிதுனா இட்லியை விழுங்கினாள். “ஒளறல சார். உங்களப் பத்தி நாப்பத்தோரு சாட்சி. உங்க பதினெட்டாவது பிளாக்ல அதிகபட்சம் உங்களுக்குத்தான். மொத சாட்சி எதிர்வீடு. படிக்கட்டுமா? அவங்க படிக்கலாம்னுட்டாங்க.” கையிலிருந்த திரைப் பலகையைத் திருப்பிப் படித்தாள். “‘எங்க நைனா தெனம் காலைல அஞ்சு பத்துக்கு கேட்டாண்ட போயி நின்னுக்கினு, வராத பஸ்ஸுக்கு வாட்ச்சப் பாக்கும். பாக்கெட்ல விசில் வச்சிக்கினு இருக்கும், ஊதாது. கேட்டா காத்து வாங்குறேன்னு சொல்லும். பொய்யி.’”

நான் கைக்கடிகாரம் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். “இது எப்டி மேடம் பயணத்துல சேரும்?”

“சேராது. ‘எங்கே போக விருப்பம்’ங்கிற கட்டத்துல துலா எழுதினது இதுதான்: ‘எங்கும் இல்லை. வண்டியை அனுப்ப விருப்பம்.’ கணக்குல ஒரு புள்ளிகூட வராது. நானும் பாத்துட்டு விட்டுட்டேன். நேத்து கால அட்டவணை அச்சாகி வந்தப்பதான் பாக்குறேன், அல்லிக்குட்டைக்கு நேரா அதுவா இந்த வரியச் சேர்த்திருக்கு. யாரும் சொல்லல சார்.”

“இன்னா நைனா!” என்று ரெஜினா ஜன்னல் வழியே கத்தினாள். “ஊது நைனா! எனக்கு டூட்டிக்கு லேட்டாவுது!”

“விசில் எடுத்தாரலயே...” என்று முணுமுணுத்தேன்.

“யோவ்,” என்றாள் ரேணுகாதேவி. “நேத்து சாம்பல் போட்டுத் தொடச்சிக்கினு இருந்தது இன்னா, சோத்துக் கரண்டியா?”

பையில் கைவிட்டேன். இருந்தது. வாயில் வைத்து ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. அறுநூறு பேர் ஜன்னல்களில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினேன்.

அந்தச் சத்தம் அந்தமானில் கேட்டதாகச் சொல்கிறார்கள். ட்ராம் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. ரெஜினா கையை ஆட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எழுதினேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் தாமதமாக அனுப்பிய முதல் வண்டி அதுதான். இதில் மிகை எதுவும் இல்லை, காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

‘புறப்பட வேண்டிய நேரம்: 5.10. புறப்பட்ட நேரம்: 5.12. தாமதத்துக்குக் காரணம்: நேரக்காப்பாளருக்கு மூச்சு வரவில்லை.’